வைஃபை வராத மடிக்கணினி: பினாங்கு மாணவர்களுக்கான முக்கியக் குறிப்புகள்

(மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். கணினிப் பிரிவுக்கும் காம்ப்டியா ஏ பிளஸ் தேர்வுக்கும் படிப்போருக்கு)

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இவை இல்லாத, ஆனால் நன்றாக ஓடும் மடிக்கணினியை வைத்திருப்பவர் மூன்று வழிகளில் ஒன்றில் போகிறார். தடையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றுகிறார், லினக்ஸுக்கு மாறுகிறார், பழைய மேக்புக் என்றால் ஓபன்கோர் லெகசி பேட்சர் மூலம் புதிய மேக்ஓஎஸ்ஸுக்குப் போகிறார். மூன்று வழியிலும் அடிக்கடி முரண்டு பிடிப்பது வைஃபைதான். திரை வரும், விசைப்பலகை வேலை செய்யும், இணையம் மட்டும் வராது. டிரைவர் இல்லாமல் இணையம் இல்லை, இணையம் இல்லாமல் டிரைவரைப் பதிவிறக்க வழியில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவர் கொம்தார் பக்கத்துக் கடையிலும் வேலை பார்க்கலாம், தேர்வுத் தாளையும் எதிர்கொள்ளலாம்.

மாடல் பெயரை விடுங்கள், சில்லின் எண்ணைப் பாருங்கள்

• இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். மடிக்கணினியின் மாடல் பெயர் உள்ளே இருக்கும் வைஃபைச் சில்லைச் சொல்லாது. ஒரே மாடல் ஒரு தொகுதியில் இன்டெல் அட்டையோடும் மறு தொகுதியில் ரியல்டெக் அல்லது மீடியாடெக் அட்டையோடும் கடைக்கு வருவது சாதாரணம். மாடல் பெயரை வைத்துத் தேடி எடுத்த டிரைவர் பொருந்தாமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

• பிசிஐ தடத்தில் இணைந்த ஒவ்வொரு சாதனமும் இரண்டு எண்களைச் சுமக்கிறது: தயாரிப்பாளர் எண், சாதன எண். ஒவ்வொன்றும் 16 பிட். பதினாறு நிலை எண்முறையில் நான்கு இலக்கமாக எழுதுவார்கள். இயங்குதளம் டிரைவரைத் தேர்ந்தெடுப்பதும் இந்த எண்களைப் பார்த்துத்தான்.

• நினைவில் வைக்க வேண்டிய தயாரிப்பாளர் எண்கள்: இன்டெல் 8086, ரியல்டெக் 10இசி, பிராட்காம் 14இ4, ஏதெராஸ் (இப்போது குவால்காம்) 168சி, மீடியாடெக் 14சி3.

• இன்டெல்லின் எண்ணை மறக்கவே முடியாது. 1978-இல் வெளிவந்த 8086 செயலியின் பெயரையே அந்நிறுவனம் தன் அடையாள எண்ணாகவும் வைத்துக்கொண்டது.

• விண்டோஸில் எண்ணைப் பார்க்கும் வழி: டிவைஸ் மேனேஜர், சாதனத்தின் பண்புகள், விவரங்கள் தாவல், அதில் ஹார்ட்வேர் ஐடி. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளை. அதோடு என்என்கே என்னும் மூன்றெழுத்து விருப்பத்தைச் சேர்த்தால் சாதன எண், அதற்குரிய டிரைவர், இப்போது ஓடும் டிரைவர் மூன்றும் ஒரே இடத்தில் தெரியும். யுஎஸ்பி அட்டை என்றால் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை.

• எண்ணே தெரியவில்லை, சாதனம் பட்டியலிலேயே இல்லை என்றால் டிரைவரைத் தேடிப் பயனில்லை. அட்டை கழன்றிருக்கலாம், பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம், பழுதாகியிருக்கலாம். வன்பொருளா மென்பொருளா என்ற கேள்விக்கு இதைவிட விரைவான விடை கிடையாது.

பினாங்குத் தொடர்பு

• பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972-இல் தொடங்கியது, மலேசியாவில் இதுவே முதலாவது. அப்போதைய முதலமைச்சர் துன் டாக்டர் லிம் சோங் இயூ (பதவிக்காலம் 1969–1990).

• இன்டெல் வெளிநாட்டில் அமைத்த முதல் ஆலை பினாங்கில்தான், 1972-இல். 1975-இல் அந்த ஆலை தீயில் அழிந்தது, மீண்டும் எழுந்தது. 2021 டிசம்பரில் 30 பில்லியன் ரிங்கிட் முதலீட்டை மலேசியாவுக்கு இன்டெல் அறிவித்தது.

• தொடக்க காலத்தில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்பர்: இன்டெல், ஏஎம்டி, எச்பி, பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரானிக்ஸ், நேஷனல் செமிகண்டக்டர்.

• எச்பியிலிருந்து கிளைத்த வரிசையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1999-இல் எச்பியிலிருந்து அஜிலன்ட் பிரிந்தது. 2005-இல் அஜிலன்ட்டின் குறைக்கடத்திப் பிரிவு அவாகோ ஆனது. 2016-இல் அவாகோ பிராட்காமை வாங்கி, அதன் பெயரையே தானும் எடுத்துக்கொண்டது. இதை நடத்திய தலைமைச் செயல் அதிகாரி ஹாக் டான் பினாங்கில் பிறந்தவர். அதே ஆண்டில் பிராட்காமின் பொருள்களின் இணையத்துக்கான கம்பியில்லாத் தொடர்புப் பிரிவு 550 மில்லியன் டாலருக்கு சைப்ரஸ் நிறுவனத்திடம் போனது. 2020-இல் சைப்ரஸை இன்ஃபினியான் வாங்கியது. அந்த இன்ஃபினியானுக்கு நம் பக்கத்து மாநிலமான கெடாவின் கூலிமில் ஆலை இருக்கிறது. ஒரு சில்லின் டிரைவரைத் தேடும்போது மூன்று நிறுவனப் பெயர்கள் குறுக்கிடுவது ஏன் என்பதற்கு இந்த வரலாறே விளக்கம்.

• பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் (பிஎஸ்டிசி) 1989-இல் தொடங்கியது. எஸ்.கே.எம். தகுதிகளுக்குச் சட்ட அடிப்படை 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் (சட்டம் 652).

விண்டோஸ் பிழைக் குறியீடுகள்

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் பண்புகளைத் திறந்து குறியீட்டைப் படியுங்கள். பலர் முக்கோணத்தைப் பார்த்ததுமே மீண்டும் மீண்டும் டிரைவரை நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு குறியீடும் சொல்வது வேறு.

• குறியீடு 28: டிரைவர் நிறுவப்படவில்லை.
• குறியீடு 10: சாதனம் தொடங்க முடியவில்லை. டிரைவர் இருக்கிறது, ஆனால் ஒத்துப்போகவில்லை என்ற திசையில் முதலில் யோசியுங்கள்.
• குறியீடு 22: சாதனம் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மீண்டும் இயக்கினால் போதும்.
• குறியீடு 43: சாதனமே சிக்கலைத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியது.
• குறியீடு 52: டிரைவரின் எண்முறைக் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை.

குறியீடு 52 வரும் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 64 பிட் விஸ்டாவிலிருந்து கெர்னல் நிலை டிரைவருக்குக் கையொப்பம் கட்டாயம். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து புதிய கெர்னல் டிரைவர்களை மைக்ரோசாஃப்ட்டே கையொப்பமிட வேண்டும். பழைய அட்டைக்காக எங்கோ கிடைத்த, திருத்தப்பட்ட டிரைவர் இங்கே மாட்டிக்கொள்ளும். கையொப்பச் சோதனையை நிரந்தரமாக அணைத்துவிட்டு அதை ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கெர்னலுக்குள் நுழையும் மென்பொருளுக்குக் கணினி முழுவதும் திறந்த வீடு. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதைச் செய்யக் கூடாது.

• விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ 4.2 கட்டளைத் தொகுதி இல்லாத செயலிகளில் தொடங்காது. கோர் 2 டுவோ காலத்து இயந்திரங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அங்கே லினக்ஸ்தான்.

• மறு நிறுவலுக்கு முன்பு, வைஃபை ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிஎன்பியூட்டில் கட்டளையின் ஏற்றுமதி விருப்பத்தால் எல்லா டிரைவர்களையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். சில நிமிட வேலைதான்.

டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு

• டிரைவர் என்னும் இயக்கி, கணினியின் செயலியில் ஓடுவது. ஃபர்ம்வேர், வைஃபை அட்டைக்குள் இருக்கும் சிறு செயலியில் ஓடுவது. பல வைஃபை அட்டைகளுக்கு நிலையான நினைவகத்தில் முழு ஃபர்ம்வேர் கிடையாது. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் டிரைவர்தான் அந்தக் கோப்பை அட்டைக்குள் ஏற்ற வேண்டும்.

• லினக்ஸில் டிரைவர் கெர்னலோடு வருகிறது, ஃபர்ம்வேர் தனித் தொகுப்பாக வருகிறது. டிமெஸ்ஜி கட்டளை காட்டும் பதிவில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருந்தால் குறை டிரைவரில் இல்லை, கோப்புதான் இல்லை.

• டெபியன் தன் நிறுவல் வட்டில் கட்டற்ற மென்பொருள் அல்லாத ஃபர்ம்வேரைச் சேர்ப்பதில்லை என்று நெடுங்காலம் உறுதியாக இருந்தது. 2022-இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடந்தது. 2023 ஜூன் 10-இல் வந்த டெபியன் 12 'புக்வார்ம்' முதல் அதிகாரபூர்வ நிறுவியிலேயே ஃபர்ம்வேர் உண்டு. பழைய குறிப்பேடுகளில் 'தனி ஃபர்ம்வேர் வட்டு தேவை' என்று இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

• கெர்னல் பதிப்பே விடையாக அமையும் இடங்கள் உண்டு. இன்டெல் ஏஎக்ஸ் 200 அட்டைக்கு 5.1, ஏஎக்ஸ் 210 அட்டைக்கு 5.10, மீடியாடெக் எம்டி 7921-க்கு 5.12, ரியல்டெக் ஆர்டிஎல் 8852பிஇ-க்கு 6.2 கெர்னலாவது வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 கொண்டுவந்தது 5.15. அதனால் அதில் முதல் மூன்றும் ஓடும், நான்காவது ஓடாது. உபுண்டு 24.04 கொண்டுவந்தது 6.8, அதில் நான்கும் ஓடும்.

• செக்யூர் பூட் இயங்கும்போது, வெளியிலிருந்து தொகுத்த, கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. அதற்கு நம் சொந்தச் சாவியைப் பதிவு செய்யும் முறையை எம்ஓகே என்பர்.

பிராட்காம்: நான்கு டிரைவர்களின் கதை

லினக்ஸில் அதிகம் குழப்பும் குடும்பம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பி43 என்பது வெளியார் தலைகீழ்ப் பொறியியலால் எழுதிய டிரைவர், ஃபர்ம்வேரைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கொடுக்க வேண்டும். 2010-இல் பிராட்காம் தானே மூலநிரலைத் திறந்து வெளியிட்டது, அதிலிருந்து பிஆர்சிஎம்எஸ்மேக், பிஆர்சிஎம்எஃப்மேக் இரண்டும் வந்தன. முதலாவது, இணைப்பை நிர்வகிக்கும் வேலையைக் கணினியிடம் விடும் அட்டைகளுக்கு. இரண்டாவது, அந்த வேலையை அட்டைக்குள்ளேயே செய்யும் சில்லுகளுக்கு. நான்காவது 'டபிள்யூஎல்', மூலநிரல் மூடிய டிரைவர்.

• பிசிஎம் 4360: டபிள்யூஎல் மட்டுமே. பிசிஎம் 43602: பிஆர்சிஎம்எஃப்மேக். எண்ணில் ஓர் இலக்கம் கூடியதும் டிரைவரே மாறிவிடுகிறது. மாடல் பெயரை நம்ப வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

• டபிள்யூஎல் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி தொகுக்கப்பட வேண்டும். அதைத் தானாகச் செய்வது டிகேஎம்எஸ். 'நேற்று வரை ஓடியது, புதுப்பித்த பின் போய்விட்டது' என்று வாடிக்கையாளர் சொன்னால், பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிப் பாருங்கள். அதில் வைஃபை வந்தால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது.

• ஒரே அட்டையைப் பிடிக்க இரண்டு டிரைவர்கள் போட்டியிட்டால் ஒன்றைத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மேக்புக்

• 2017 மேக்புக் ஏருக்கு ஆப்பிள் தந்த கடைசிப் பதிப்பு மான்டரே 12.
• 2023-இல் வந்த சோனோமா 14, பிசிஎம் 4360, 43602 உள்ளிட்ட பழைய பிராட்காம் அட்டைகளுக்கான ஆதரவைக் கைவிட்டது. ஓபன்கோர் லெகசி பேட்சரால் சோனோமாவை ஏற்றியதும் வைஃபை மறைவது இதனால்தான். நிறுவிய பின் அதே பேட்சரின் ரூட் பேட்ச் என்னும் படியைச் செய்தால் திரும்பும்.
• மேக்ஓஎஸ் புதுப்பிப்பு ஒவ்வொன்றும் ரூட் பேட்ச்சை அழித்துவிடும். மீண்டும் செய்ய வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைப்பது நல்லது.
• இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 டாஹோ என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்தது.

தலைகீழ்ச் சிக்கல்: புதிய இயந்திரத்தில் பழைய விண்டோஸ்

தொழிற்சாலைப் பழைய மென்பொருளுக்காக விண்டோஸ் 7 கேட்போர் இன்னும் இருக்கிறார்கள். விண்டோஸ் 7-இன் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. ஆறாம் தலைமுறை (ஸ்கைலேக், 2015) முதல் இன்டெல் தளங்களில் பழைய யுஎஸ்பி 2 கட்டுப்படுத்தி கிடையாது. விண்டோஸ் 7-க்கோ யுஎஸ்பி 3 டிரைவர் உள்ளமைவாக இல்லை. அதனால் நிறுவலின் நடுவே சுட்டியும் பென்டிரைவும் செத்துவிடும், வைஃபை பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஏஎக்ஸ் 200 அட்டைக்கு இன்டெல் விண்டோஸ் 7 டிரைவர் தரவில்லை. இத்தகைய தேவைக்கு மெய்நிகர் இயந்திரமே தகுந்த விடை. அதில் விண்டோஸ் 7 காண்பது மென்பொருள் உருவாக்கிய பழைய வகை வலை அட்டையை, அதற்கு டிரைவர் கிடைக்கும்.

டிரைவர் மேல் பழி போடும் முன்

• 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் டிரைவர் வேலை செய்கிறது. டிஎச்சிபி சேவையகத்திடமிருந்து முகவரி கிடைக்காததால் கணினி தானே எடுத்துக்கொண்டது அது.

• 127.0.0.1-க்குப் பிங் போய் வந்தால் டிசிபி/ஐபி மென்பொருள் நலம் என்று மட்டுமே பொருள். அது வலை அட்டையைத் தொடுவதே இல்லை. விரிந்த வினாக்களில் மாணவர்களை விழவைக்கும் இடம் இது.

• ஐபி முகவரிக்குப் பிங் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை: டிஎன்எஸ் சிக்கல்.

• ஆர்எஃப்கில் கட்டளை இரண்டு வகைத் தடைகளைக் காட்டும். மென்தடை கட்டளையால் நீங்கும். வன்தடை, பக்கவாட்டுச் சுவிட்சு அல்லது பயாஸ் சார்ந்தது. சுவிட்சே இல்லாத லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் ஐடியாபேட்-லேப்டாப் என்னும் கெர்னல் மாட்யூல் பொய்யான வன்தடை காட்டியதுண்டு.

• இரட்டை இயங்குதளக் கணினியில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அட்டையைப் பாதித் தூக்கத்தில் விட்டுச்செல்லக்கூடும். அதன்பின் லினக்ஸ் அதை எழுப்ப முடியாமல் திணறும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

• டபிள்யூபிஏ3 மட்டும் ஏற்கும் ரவுட்டரில் பழைய டிரைவர் இணையாது. விண்டோஸ் 10-இல் அந்த ஆதரவு 1903 பதிப்பிலிருந்து. ரவுட்டரை டபிள்யூபிஏ2/3 கலப்பு முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

• மலேசியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை தடங்கள் உண்டு. அமெரிக்க அமைப்பில் பூட்டிய அட்டை 11-க்கு மேல் காணாது. ரவுட்டர் 13-ஆம் தடத்தில் இருந்தால் 'எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை' என்ற புகார் எழும். ஒன்றோடொன்று மேற்படியாத தடங்கள் 1, 6, 11.

அட்டையை மாற்றுவதாக இருந்தால்

• இன்டெல் ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 இரண்டும் சிஎன்விஐ வகை. வைஃபையின் பெரும்பகுதி செயலித் தளத்துக்குள்ளேயே இருக்கும், அட்டையில் இருப்பது வானொலிப் பகுதி மட்டும். ஏஎம்டி மடிக்கணினியில் செருகினால் உயிர் வராது. ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 முழுமையான பிசிஐ அட்டைகள்.

• பழைய திங்க்பேட்களின் பயாஸ் அனுமதிப் பட்டியல் வைத்திருந்தது. பட்டியலில் இல்லாத அட்டை செருகினால் 1802 என்ற பிழையோடு தொடக்கத்திலேயே நின்றுவிடும். பழைய எச்பிகளிலும் இதுபோன்ற பட்டியல் உண்டு.

முதலில் ஒரு கயிறு: தற்காலிக இணையம்

டிரைவரைத் தேடுவதற்கு முன்பு இணையத்தைக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் போட்டால் கைப்பேசியே வலை அட்டையாகிவிடும். விண்டோஸும் லினக்ஸும் அதை உள்ளமைந்த டிரைவராலேயே ஏற்கும். மேக்ஓஎஸ்ஸில் ஆண்ட்ராய்டு நெடுங்காலம் பயன்படுத்திய ஆர்என்டிஐஎஸ் முறைக்கு உள்ளமை ஆதரவு இல்லை. அங்கே யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் நல்லது. கைப்பேசியை ஹாட்ஸ்பாட் ஆக்குவது உதவாது, அதைப் பிடிக்கவே வைஃபை வேண்டுமே. வேறு கணினி தேவைப்பட்டால் ஜாலான் மஸ்ஜிட் நெகரியில் 2016 முதல் இயங்கும் பினாங்கு மின்னூலகம் இருக்கிறது, பென்டிரைவோடு போகலாம்.

காம்ப்டியாவின் ஆறு படிகள், ஓர் எடுத்துக்காட்டில்

உபுண்டு 22.04 ஏற்றிய மடிக்கணினியில் வைஃபை இல்லை என்று வைத்துக்கொள்வோம். (1) சிக்கலை அறிதல்: என்ன மாற்றினார் என்று உரியவரிடம் கேளுங்கள், தரவைக் காப்பெடுங்கள், சில்லின் எண்ணைப் பாருங்கள். ஆர்டிஎல் 8852பிஇ என்று வருகிறது. (2) காரணத்தை ஊகித்தல்: கெர்னல் 5.15, தேவை 6.2. (3) ஊகத்தைச் சோதித்தல்: உபுண்டு 24.04-ஐ நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டுங்கள், வைஃபை தெரிகிறது. (4) திட்டமிட்டுச் செய்தல்: டெதரிங் மூலம் 22.04-இன் புதிய வன்பொருளுக்கான எச்டபிள்யூஇ கெர்னலை நிறுவுங்கள். (5) முழு இயக்கத்தைச் சரிபார்த்தல்: உறக்கத்திலிருந்து எழுந்த பிறகும் இணைகிறதா, புளூடூத் வருகிறதா என்றும் பாருங்கள். (6) ஆவணப்படுத்தல்: சில்லின் எண், கெர்னல் பதிப்பு, செய்த மாற்றம் மூன்றையும் எழுதி வையுங்கள். வரிசை மாறினால் மதிப்பெண் போகும். மூன்றாம் படியைத் தாண்டிக் குதித்து நேரே நிறுவத் தொடங்குவதுதான் பலர் செய்வது.

சட்டமும் கழிவும்

• தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998. ஆணையம் எம்சிஎம்சி. தொடர்புச் சாதனங்களுக்குச் சான்றளிப்பது சிரிம். மாற்று யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கும்போது அந்தச் சான்று முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

• மின்னியல் கழிவு, 2005-ஆம் ஆண்டுத் திட்டமிட்ட கழிவு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வருகிறது. பொறுப்புத் துறை: சுற்றுச்சூழல் துறை. எல்லை தாண்டும் அபாயக் கழிவுக்கான பன்னாட்டு உடன்படிக்கை பாசல், 1989.

• கழற்றிய பழைய வைஃபை அட்டையும் எஸ்டபிள்யூ 110-தான். வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்கழிவுச் சேகரிப்பில் கொடுக்க வேண்டும்.